மாறுதிசை மின்னோட்டச் சுற்றுக்களில் கட்டக் கோணமும் திறன் காரணியும்: அளவிடும் முறைகள்

கிராமப்புறத்தில் கிணற்றுப் பாசனத்திற்குப் பயன்படும் ஒருமுனை மின்சாரப் பம்பு ஒன்றைச் சோதிக்கச் செல்லும் ஊழியர், மின்னழுத்தத்தை அளந்து 230 வோல்ட்டு எனக் காண்கிறார். கிளாம்பு மீட்டரைக் கம்பியில் மாட்டி மின்னோட்டம் 10 ஆம்பியர் எனக் குறித்துக்கொள்கிறார். இரண்டையும் பெருக்கினால் 2300 கிடைக்கிறது. ஆனால், பம்பு ஓடும்போது மின்மீட்டர் பதிவு செய்யும் வேகத்தைக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 1600 வாட்டு என்றே காட்டுகிறது. மீட்டர் நூற்றுக்கு முப்பது பங்கு குறைவாக ஓடுகிறதா? உரிமையாளர் அதில் ஏதேனும் தவறு புரிந்திருக்கிறாரா? அவசரப்பட்டு இம்முடிவுக்கு வந்தால், குற்றமற்ற ஒருவர்மீது மின்திருட்டுப் பழி சுமத்தப்படும். பழுதற்ற மீட்டர் ஒன்று கழற்றி எறியப்படும். மீட்டரில் மெய்யாகவே பழுது இருக்குமாயின், அதைக் கண்டறியத் தவறுவதும் நட்டமே. இவ்விரண்டில் எது உண்மை என்பதைத் தீர்மானிப்பதற்குத் தேவையானது ஒரு கோணத்தின் அளவு. அக்கோணம் யாது, அதை எவ்வெவ்வாறு அளவிடலாம், அளவிடுகையில் எவ்வெவற்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பவை இக்கட்டுரையில் விளக்கப்படும்.

கட்டம் என்பது யாது?

மின்கல அடுக்கு தரும் நேர்திசை மின்னோட்டத்தில், அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைத்துவிடும். நம் நாட்டு வீடுகளுக்கும் வயல்களுக்கும் வழங்கப்படும் மாறுதிசை மின்சாரமோ வினாடிக்கு 50 முறை முழுச் சுழற்சி செய்கிறது. ஒரு சுழற்சிக்கு ஆகும் நேரம் 20 மில்லிவினாடி. அந்நேரத்தில் அழுத்தம் சுழியிலிருந்து உச்சத்திற்கு ஏறி, மீண்டும் சுழிக்கு இறங்கி, எதிர்த்திசையில் உச்சத்தை அடைந்து, தொடங்கிய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு முழுச் சுழற்சியை 360 பாகையாகக் கொள்வது வழக்கம். ஆகவே ஒரு மில்லிவினாடி 18 பாகைக்குச் சமம்.

மின்சார அடுப்பு, இழை விளக்கு போன்ற தடைப் பொருள்களில் ஓட்டமும் அழுத்தமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இவை ஒரே கட்டத்தில் உள்ளன என்கிறோம். கம்பிச் சுருளும் இரும்பு அகணியும் கொண்ட மோட்டாரில் அவ்வாறன்று. ஓட்டம் மாறுவதைச் சுருளின் காந்தப்புலம் எதிர்ப்பதால், அழுத்தம் உச்சத்தை அடைந்து சிறிது நேரம் கழிந்த பின்னரே ஓட்டம் உச்சத்தை அடைகிறது, ஓட்டம் பின்தங்குகிறது. மின்தேக்கியில் இதற்கு மாறாக ஓட்டம் அழுத்தத்தை முந்துகிறது. இந்த இடைவெளியைப் பாகையில் கூறுவதே கட்டக் கோணம் ஆகும்.

இடைவெளி ஏற்பட்டால் திறன் ஏன் குறைகிறது என்பதை ஊஞ்சலைக் கொண்டு மாணவர்க்கு உணர்த்தலாம். ஊஞ்சல் முன்னோக்கிச் செல்லும்போது முன்னோக்கித் தள்ளுபவர் அதற்கு ஆற்றலை அளிக்கிறார். அது பின்னோக்கி வரும்போது அதே திசையில் தள்ளினால், ஊஞ்சலின் ஆற்றல் அவர் கையைத் தாக்கித் திரும்ப வருகிறது. தள்ளும் விசையும் ஊஞ்சலின் வேகமும் முற்றிலும் இணைந்திருந்தால் உழைப்பு முழுவதும் பயன்படும். இரண்டிற்குமிடையே கால் சுழற்சி இடைவெளி இருந்தால், கொடுத்ததும் பெற்றதும் சமமாகிவிடும். கை வலிப்பது மட்டுமே மிச்சம். மின்சுற்றிலும் இதுவே நிகழ்கிறது. சுழற்சியின் ஒரு பகுதியில் மோட்டாரின் காந்தப்புலம் ஆற்றலைப் பெறுகிறது. மற்றொரு பகுதியில் அதை மின்வழிக்கே திருப்பி அனுப்புகிறது. இப்போக்கு வரவுக்காகவும் கம்பிகள் ஓட்டத்தைச் சுமந்தே ஆக வேண்டும்.

மூவகைத் திறன்

அழுத்தத்தின் பயனுறு மதிப்பை ஓட்டத்தின் பயனுறு மதிப்பால் பெருக்கி வருவது தோற்றத் திறன். இதன் அலகு வோல்ட்டு-ஆம்பியர். உண்மையில் வேலையாகவும் வெப்பமாகவும் மாறுவது மெய்த்திறன். இதன் அலகு வாட்டு. போய்வந்துகொண்டே இருக்கும் பகுதி எதிர்வினைத் திறன். இதன் அலகு வார். மெய்த்திறனைத் தோற்றத் திறனால் வகுத்து வருவது திறன் காரணி. மின்துறையில் பணியாற்றுவோர் இதனையே பவர் பாக்டர் என வழங்குகின்றனர். ஓட்டமும் அழுத்தமும் சீரான சைன் அலைகளாக இருக்கும்வரை, திறன் காரணியானது கட்டக் கோணத்தின் கோசைன் மதிப்பிற்குச் சமம். இந்நிபந்தனையை மறத்தலாகாது, அதன் விளைவு பின்னர்க் கூறப்படும்.

மூவகைத் திறன்களும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமைகின்றன. தோற்றத் திறன் கர்ணம்; மற்ற இரண்டும் செங்கோணத்தை அடுத்த பக்கங்கள். முன்னர்க் கூறிய பம்பில் தோற்றத் திறன் 2300, மெய்த்திறன் 1610 எனில், திறன் காரணி 0.70; கட்டக் கோணம் ஏறத்தாழ 45.6 பாகை, எதிர்வினைத் திறன் ஏறத்தாழ 1640 வார். ஆகவே மீட்டர் நூற்றுக்கு முப்பது குறைவாகக் காட்டுவது போன்ற தோற்றம், பழுதே இல்லாதபோதும் எழக்கூடும். ஆனால் எழக்கூடும் என்பது வேறு; எழுந்தது அதனால்தான் என்பது வேறு. இரண்டாவதை நிறுவ அளவு வேண்டும்.

மீட்டரின் துடிப்புக்களை எண்ணுதல்

இக்கால மின்னணு மீட்டர்களில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு, அஃதாவது ஒரு கிலோவாட்டு-மணிக்கு, எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் 3200 எனக் கொள்வோம். ஒரு யூனிட்டு என்பது 36 இலட்சம் ஜூல். எனவே ஒரு துடிப்பு 1125 ஜூல் ஆற்றலைக் குறிக்கிறது. பம்பு மட்டும் ஓடும்போது 100 துடிப்புக்களுக்கு 70 வினாடி ஆயிற்றெனில், 1,12,500 ஜூலை 70-ஆல் வகுக்க 1607 வாட்டு வருகிறது. பத்துத் துடிப்புக்களை மட்டும் எண்ணினால், கைக்கடிகாரத்தை அழுத்துவதில் நேரும் அரை வினாடித் தவறே நூற்றுக்கு ஏழு பங்காகிவிடும். நூறு எண்ணினால் அது ஒரு பங்கிற்கும் கீழே குறையும்.

இம்மதிப்பை 2300-ஆல் வகுத்து 0.70 என்பதே திறன் காரணி எனக் கூறிவிடலாமா? மீட்டர் பழுதற்றது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் கூறலாம். மீட்டரே ஐயத்திற்குரியதாக இருக்கும்போது கூறலாகாது. அவ்வாறு கூறுவது, குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாட்சியாக அழைப்பது போன்றதாகும். எனவே மீட்டரைச் சாராத வேறொரு முறை தேவைப்படுகிறது.

மூன்று மின்னோட்ட முறை

கிளாம்பு மீட்டரும் ஒரு மின்சார அடுப்பும் இருந்தால் இம்முறையைக் கையாளலாம். அடுப்பு தடைப் பொருளாதலால் அதன் ஓட்டம் அழுத்தத்தோடு ஒரே கட்டத்தில் இருக்கும். முதலில் பம்பின் ஓட்டத்தையும், அடுத்து அடுப்பின் ஓட்டத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பின்னர் இரண்டையும் ஒரே சமயத்தில் இயக்கி மொத்த ஓட்டத்தை அளக்க வேண்டும். பம்பு 10 ஆம்பியர், அடுப்பு 4.3 ஆம்பியர் எனில், கூட்டுத் தொகை 14.3 என எதிர்பார்ப்பது இயல்பு. கருவியோ 13.4 என்றே காட்டுகிறது. இரு ஓட்டங்களும் வெவ்வேறு நேரத்தில் உச்சமடைவதே இக்குறைவுக்குக் காரணம். குறைவின் அளவிலிருந்து கோணத்தைக் கணிக்கலாம்.

மொத்த ஓட்டத்தின் வர்க்கத்திலிருந்து தனி ஓட்டங்கள் இரண்டின் வர்க்கங்களையும் கழித்து, எஞ்சியதைத் தனி ஓட்டங்களின் பெருக்கற்பலனின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 13.4-இன் வர்க்கம் 179.56. பத்தின் வர்க்கம் 100, 4.3-இன் வர்க்கம் 18.49. கழித்தபின் எஞ்சுவது 61.07. இதனை 86-ஆல் வகுக்க 0.71 கிடைக்கிறது. மீட்டரின் துணையின்றிக் கிடைத்த இம்மதிப்பும், துடிப்புக்களை எண்ணிக் கண்ட 0.70-உம் ஏறத்தாழ ஒத்திருக்கின்றன. இனி மீட்டரின்மீது ஐயப்படக் காரணமில்லை.

ஆயினும் இம்முறையின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். மொத்த ஓட்டத்தை 13.4-க்குப் பதிலாக 13.3 எனப் படித்துவிட்டால் விடை 0.68 ஆகிவிடும். பெரிய எண்களின் வர்க்கங்களைக் கழித்துச் சிறிய மீதியைக் காண்பதால், சிறு பிழையும் பெருகித் தோன்றுகிறது. எனவே மூன்று அளவுகளையும் ஒரே கருவியால், ஒரே வீச்சில் எடுத்தல் வேண்டும். இடையில் அழுத்தம் மாறவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். மின்னேறிய கம்பிகளில் செய்யும் இவ்வளவீடு, அதற்கென அனுமதியும் பயிற்சியும் பெற்றவர்க்கே உரியது.

வகுப்பறைக்கு ஏற்ற மூன்று வோல்ட்டுமானி முறை

இதற்கு இணையான மற்றொரு முறையை இங்கிலாந்தில் அயர்ட்டன், சம்ப்னர் என்னும் இருவர் 1891-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பள்ளிகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஏனெனில், 12 வோல்ட்டு தரும் சிறு மின்மாற்றியைக் கொண்டு ஆபத்தின்றிச் செய்யலாம். 230 வோல்ட்டு மின்வழியில் இதனை மாணவர் ஒருபோதும் செய்தலாகாது.

10 ஓம் தடை ஒன்றையும், இரும்பு அகணியுடைய கம்பிச் சுருள் ஒன்றையும் தொடராக இணைத்து 12 வோல்ட்டு மாறுதிசை அழுத்தத்தைத் தருக. தடையானது 10 வாட்டு தாங்கக்கூடியதாக இருப்பது நலம். ஒரே மல்ட்டி மீட்டரைக் கொண்டு தடைக்குக் குறுக்கேயும், சுருளுக்குக் குறுக்கேயும், இரண்டும் சேர்ந்த முழுச் சுற்றுக்குக் குறுக்கேயும் அழுத்தத்தை அளக்குக. முறையே 5.0, 8.0, 12.0 வோல்ட்டு கிடைத்ததாகக் கொள்வோம். ஐந்தும் எட்டும் பதின்மூன்றாயிற்றே, பன்னிரண்டு எவ்வாறு வந்தது என மாணவர் வியப்பர். அவ்வியப்பே பாடத்தின் தொடக்கம்.

கணிதம் அதிகம் பயிலாத மாணவர்க்கு இதனை வரைந்து காட்டலாம். 5 செண்டிமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்றை வரைக. அதன் இடமுனையிலிருந்து 12 செண்டிமீட்டர் ஆரத்தாலும், வலமுனையிலிருந்து 8 செண்டிமீட்டர் ஆரத்தாலும் வில்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியை இரு முனைகளோடும் இணைக்குக. முதற்கோட்டை வலப்புறமாக நீட்டுக. நீட்டிய பகுதிக்கும் 8 செண்டிமீட்டர் கோட்டிற்கும் இடையேயுள்ள கோணமே சுருளின் கட்டக் கோணம். கோணமானியை வைத்து அளந்தால் அது ஏறத்தாழ 46 அல்லது 47 பாகை இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், 144-இலிருந்து 25-ஐயும் 64-ஐயும் கழிக்க 55. அதனை 80-ஆல் வகுக்க 0.6875. இக்கோசைனுக்குரிய கோணம் 46.6 பாகை. வரைபடமும் கணக்கும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

மேலும், தடையின் அழுத்தம் 5 வோல்ட்டு என்பதால் ஓட்டம் 0.5 ஆம்பியர். சுருளின் மின்மறிப்பு 16 ஓம். அதன் பயனுறு தடை 11 ஓம். அது ஏற்கும் திறன் 2.75 வாட்டு. இனிச் சுற்றைப் பிரித்து, சுருளின் தடையை ஓம்மானியால் அளக்கச் செய்க. அது 11 ஓமுக்குக் குறைவாக இருப்பின், அவ்வேறுபாடு இரும்பு அகணியில் வெப்பமாக இழக்கப்படும் திறனைக் குறிக்கிறது. மின்மாற்றிகள் சுமையின்றி இருக்கும்போதும் சூடாவதன் காரணத்தை மாணவர் இவ்வாறு தாமே கண்டறிகின்றனர்.

பிழை பெருகும் விதத்தையும் இங்கே காட்டலாம். 12.0-ஐ 12.2 எனப் படித்தால் விடை 0.75 ஆகிறது, கோணம் ஐந்து பாகை குறைந்துவிடுகிறது. தடையின் அழுத்தமும் சுருளின் அழுத்தமும் ஏறத்தாழச் சமமாக இருக்குமாறு தடையைத் தேர்ந்தெடுத்தால் இப்பிழை மிகக் குறையும்.

அலைவுகாட்டியின் வழி

கட்டக் கோணத்தைக் கண்ணாலேயே காண விரும்பினால் அலைவுகாட்டி வேண்டும். மேற்கூறிய சுற்றில், தடையும் மின்மாற்றியும் சேரும் புள்ளியை அலைவுகாட்டியின் பொது முனையோடு இணைத்து, ஒரு வழியில் முழு அழுத்தத்தையும், மற்றொரு வழியில் தடையின் அழுத்தத்தையும் செலுத்தினால் இரு அலைகள் திரையில் தோன்றும். தடையின் அழுத்தம் ஓட்டத்தின் உருவமே ஆகும். இரு அலைகளும் சுழிக்கோட்டைக் கடக்கும் புள்ளிகளுக்கு இடையேயுள்ள நேரத்தை அளந்து 18-ஆல் பெருக்குக. இச்சுற்றில் அந்நேரம் ஏறத்தாழ 1.6 மில்லிவினாடி, கோணம் 29 பாகை. முன்பு கண்ட 46.6 பாகைக்கு இது முரணாகாது. முன்னது சுருளுக்கு மட்டும் உரியது. இது தடையும் சேர்ந்த முழுச் சுற்றுக்கு உரியது. எதனுடைய கோணம் என்று கேட்காமல் கோணத்தைக் கூறுவதில் பொருளில்லை.

அலைவுகாட்டியின் பொது முனை அதன் உலோகப் பெட்டியோடும் புவித்தொடுப்போடும் இணைந்திருக்கும். அதனை மின்வழியின் மின்னேறிய கம்பியில் மாட்டினால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீங்கு நேரும். இதற்கு அஞ்சிச் செருகியின் புவித்தொடுப்பு முள்ளை அகற்றிவிடும் பழக்கம் அதனினும் கொடியது. அப்போது பெட்டி முழுவதும் மின்னேறி நிற்கும். மின்வழியில் அளவிட வேண்டுமாயின், தனிமைப்படுத்தும் மின்மாற்றியையோ அதற்கென அமைந்த வேறுபாட்டு ஆய்வுமுனையையோ பயன்படுத்தல் வேண்டும்.

வாட்டுமானியும் மும்முனைச் சுற்றும்

மெய்த்திறனை நேரே காட்டும் கருவி வாட்டுமானி. ஓட்டம் பாயும் நிலைச் சுருளும், அழுத்தத்தை ஏற்கும் இயங்கு சுருளும் அதில் உண்டு. இரண்டின் கணத்துக்குக் கணம் மாறும் பெருக்கற்பலனின் சராசரியை முள் காட்டுகிறது. வோல்ட்டுமானி, அம்மீட்டர், வாட்டுமானி ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து அளப்பதே திறன் காரணியைக் காண்பதற்குரிய நேர்முறை. திறன் காரணி குறைவான சுமையில், முள் சிறிதளவே விலகியிருக்கும்போதுகூட ஓட்டச் சுருளில் அளவுக்கு மீறிய ஓட்டம் பாயக்கூடும். முள்ளை மட்டும் பார்த்திருந்தால் கருவி கருகிவிடும்.

மும்முனைச் சுற்றில் மூன்று கம்பிகள் மட்டும் இருந்தால் இரு வாட்டுமானிகளே போதும். கம்பிகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைந்த அளவிகளே போதும் என்னும் விதியைப் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டெல் 1893-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். சமநிலையான சுமையில் இரு அளவிகளின் கூட்டுத்தொகை மொத்தத் திறனையும், அவற்றின் வேறுபாடு கட்டக் கோணத்தையும் தருகின்றன. வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்து 1.732-ஆல் பெருக்கினால் கோணத்தின் டான்ஜென்டு கிடைக்கும். ஓர் அளவி 3000 வாட்டும் மற்றது 1000 வாட்டும் காட்டினால், மொத்தம் 4000 வாட்டு, டான்ஜென்டு 0.866, கோணம் 40.9 பாகை, திறன் காரணி 0.756. திறன் காரணி 0.5-க்கு இறங்கும்போது ஓர் அளவி சுழியைக் காட்டும். அதற்கும் கீழே சென்றால் முள் பின்னோக்கிச் சாயும். அந்நிலையில் அதன் ஒரு சுருளின் இணைப்பை மாற்றிப் படித்து, அவ்வளவைக் கூட்டாமல் கழிக்க வேண்டும். கருவி பழுதுற்றதென இதனைத் தவறாகக் கொள்வோர் பலர்.

திறன் காரணிமானி

மின்பலகைகளில் பொருத்தப்படும் பழைய வகைத் திறன் காரணிமானியில், நிலைச் சுருளின் புலத்தில் ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பிணைக்கப்பட்ட இரு சிறு சுருள்கள் சுழலும். ஒன்று தடை வழியாகவும் மற்றது தூண்டு சுருள் வழியாகவும் அழுத்தத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இரண்டின் முறுக்கு விசைகளும் சமநிலை அடையும் இடத்தில் முள் நிற்கிறது. அவ்விடம் கட்டக் கோணத்தைப் பொறுத்தது. இக்கருவியில் மீட்சிக் கம்பிச்சுருள் இல்லாமையால், மின்சாரம் இல்லாதபோது முள் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அப்போது அது காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை. இவ்வகைக் கருவிகளுக்கான இந்தியத் தரநிர்ணயம் 1248-இன் ஐந்தாம் பகுதியாக வெளியிடப்பட்டுள்ளது.

கோசைன் மதிப்பைக் கொண்டு மட்டும், ஓட்டம் பின்தங்குகிறதா முந்துகிறதா என்று அறிய இயலாது. இதனைத் தெளிய எளிய வழி ஒன்று உண்டு. சிறு மின்தேக்கி ஒன்றைச் சுமைக்கு இணையாக இணைத்தபின் மொத்த ஓட்டம் குறைந்தால், அது முன்பு பின்தங்கியிருந்தது, மிகுந்தால் முந்தியிருந்தது.

ஒரு பாகையின் விலை

பெரிய சுமைகளில் ஓட்டத்தை நேரே அளக்காமல் மின்னோட்ட மாற்றி வழியாக அளக்கிறோம். அம்மாற்றி ஓட்டத்தின் அளவை மட்டுமன்றி அதன் கட்டத்தையும் சிறிது மாற்றிவிடுகிறது. திறன் காரணி ஒன்றாக இருக்கும்போது ஒரு பாகைப் பிழையால் திறனில் நேரும் மாறுதல் பத்தாயிரத்தில் இரண்டு பங்கிற்கும் குறைவு. திறன் காரணி 0.5 எனில் அதே ஒரு பாகை நூற்றுக்கு மூன்று பங்கு பிழையை விளைவிக்கிறது. திறன் காரணி 0.1 எனில் அது நூற்றுக்குப் பதினேழாக உயர்கிறது.

ஆகையால், மீட்டர் ஒன்றை அடுப்புச் சுமையில் மட்டும் சோதித்துச் சரியானது எனச் சான்றளிப்பது போதாது. அடுப்பில் நேர்மையாக ஓடும் மீட்டர், பம்பில் தவறக்கூடும். பின்தங்கும் திறன் காரணியிலும் அதனைச் சோதித்தல் இன்றியமையாதது. ஐயம் தீராத மீட்டர்களைத் தரச்சோதனைக் கூடத்திற்கு அனுப்புவதே முறை. அங்குள்ள நிலையான கருவிகளின் துல்லியம், படிப்படியாகப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரங்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மின்னோட்ட மாற்றியின் இரண்டாம் சுருளை, முதற்சுருளில் ஓட்டம் இருக்கும்போது ஒருபோதும் திறந்துவிடலாகாது; உயிருக்கு ஆபத்தான அழுத்தம் அதன் முனைகளில் தோன்றும்.

கோணம் மட்டும் போதாத இடம்

எல். இ. டி. விளக்குகள், கணிப்பொறிகள், தொலைபேசி மின்னேற்றிகள் ஆகியவை பெருகியுள்ள இக்காலத்தில், முன்னோர் எழுதிய பாடநூல்களில் இல்லாத சிக்கல் ஒன்று எழுந்துள்ளது. மலிவான எல். இ. டி. விளக்கு சைன் அலையாக ஓட்டத்தை ஏற்பதில்லை. அழுத்தம் உச்சத்தை நெருங்கும்போது மட்டும் குறுகிய துடிப்புக்களாக ஏற்கிறது. எடுத்துக்காட்டாக, 9 வாட்டு விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 0.08 ஆம்பியர் ஏற்றால், தோற்றத் திறன் 18.4, திறன் காரணி 0.49. ஆனால் அலைவுகாட்டியில் ஓட்டத் துடிப்பும் அழுத்த உச்சமும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றன. கட்டக் கோணம் மிகக் குறைவு.

இங்குத் திறன் காரணி குறைந்ததற்குக் காரணம் பின்தங்கல் அன்று, அலையின் சிதைவு. இத்தகைய சுமையில், கோணத்தை அளந்து கோசைன் கண்டால் விடை தவறாகும். மெய்த்திறனையும் தோற்றத் திறனையும் தனித்தனியே அளந்து வகுப்பதே சரியான வழி. சராசரியை அளந்து பயனுறு மதிப்பாக மாற்றிக் காட்டும் எளிய கிளாம்பு மீட்டர்களும் இங்குக் குறைத்துக் காட்டும். உண்மையான பயனுறு மதிப்பை அளக்கும் கருவியே வேண்டும். மின்தேக்கியை இணைத்து இக்குறையைப் போக்க இயலாது என்பதையும், சில வேளைகளில் அது ஒத்ததிர்வை உண்டாக்கித் தீமையை மிகுவிக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

அளந்தபின் செய்யத்தக்கது

பம்பின் திறன் காரணியை 0.70-இலிருந்து 0.95-க்கு உயர்த்த விரும்பினால், மின்தேக்கி அளிக்க வேண்டிய எதிர்வினைத் திறன் ஏறத்தாழ 1110 வார். 230 வோல்ட்டு, 50 சுழற்சியில் இது ஏறத்தாழ 67 மைக்ரோபாரடு மின்தேக்கியால் கிடைக்கும். மின்வழி ஓட்டம் 10 ஆம்பியரிலிருந்து 7.4 ஆம்பியராகக் குறையும். கம்பியில் வெப்பமாக இழக்கப்படும் திறன் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், அப்பம்பினால் நேரும் இழப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். நீண்ட மின்வழியின் கடைக்கோடியில் உள்ள ஊர்களில் இதன் பயன் பெரிது. அங்கு மாலை வேளையில் அழுத்தம் வீழ்வதால் மோட்டார்கள் முனகுவதும், அதிக ஓட்டத்தை ஏற்றுச் சுருள் கருகுவதும், பயிருக்கு நீர் இல்லாமற் போவதும் பலரும் அறிந்தவை. ஒவ்வொரு பம்பிலும் குறையும் இரண்டரை ஆம்பியர், வழிநெடுகக் கூடி அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துகிறது.

ஆயினும் அளவு மீறலாகாது. மோட்டார் சுமையின்றி ஓடுகையில் ஏற்கும் எதிர்வினைத் திறனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் மின்தேக்கி அளித்தல் கூடாது. மீறினால், மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னரும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கக்கூடும். எனவே 67 மைக்ரோபாரடு என்பது கணக்கின் விடையே ஆகும். இணைப்பதற்கு முன் மோட்டாரின் சுமையற்ற ஓட்டத்தையும் அளந்து ஒப்பிடல் வேண்டும். மின்தேக்கி மின்சாரம் நின்றபின்னும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். அதனைத் தொடுமுன், மின்னிறக்கத் தடை வேலை செய்ததா என்பதைப் பொறுத்திருந்து வோல்ட்டுமானியால் உறுதிசெய்க.

தொடக்கத்தில் கூறிய ஊழியரிடம் இருந்தவை வோல்ட்டுமானியும் கிளாம்பு மீட்டருமே. அவற்றோடு ஒரு கடிகாரமும் ஓர் அடுப்பும் கால் மணி நேரப் பொறுமையும் சேர்ந்தபோது, 2300-க்கும் 1607-க்கும் இடையேயுள்ள வேறுபாடு களவினால் வந்ததன்று, கட்டத்தினால் வந்தது என்பது விளங்கிற்று. மறுமுறை இரு முறைகளின் விடைகளும் ஒத்துவராமற் போகுமாயின், அப்போது மீட்டரை ஐயுற்றுச் சோதனைக் கூடத்திற்கு அனுப்புவதற்கும் அதே அளவுகள் தக்க சான்றாக நிற்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியவுடன் பேனாவை எடுக்காமல், கோணத்தையும் கண்டபின் அறிக்கை எழுதுவதே களப்பணியாளர்க்குரிய ஒழுங்காகும்.